கையா, உடம்பா? கோல்ஃப் ஸ்விங்கில் (கிளப்பை வீசுவதில்) எது எதை இழுக்கிறது?

பனியன்நகர் 44 (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கமுங்க. திருப்பூரில் பின்னலாடைத் தொழில். வயது 44. கோல்ஃப் ஆடத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் செட்டிபாளையம் கோல்ஃப் மைதானத்துக்குப் போய்விடுவேன். வாரத்தில் இன்னொரு நாள் விடியற்காலையில் பயிற்சி ரேஞ்சில் எண்பது பந்து அடிப்பேன்.

என் பிரச்சினை ஸ்லைஸ். டிரைவரில் (தூரம் அடிக்கும் நீளமான கிளப், அதாவது மட்டை) பந்து நேராகத்தான் கிளம்புகிறது, பாதி தூரம் போனதும் வலது பக்கம் வளைந்து மரத்துக்குள் போய்விடுகிறது. 7 அயர்ன் என்ற நடுத்தர மட்டையில் வளைவு அவ்வளவு இல்லை. ஆனால் பந்து அளவுக்கு மீறி உயரமாக ஏறி 120 யார்டில் விழுந்துவிடுகிறது.

முதலில் ஒரு பயிற்சியாளரிடம் போனேன். "கையை மறந்துடுங்க. இடுப்பைத் திருப்புங்க, கை தானா வரும்" என்றார். மூன்று மாதம் அப்படியே செய்தேன். ஸ்லைஸ் கூடியது, இடுப்புக்கு மேலே முதுகு வலியும் வந்தது. அப்புறம் வெளியூர் போனபோது இன்னொருவர் பார்த்துவிட்டு, "உடம்பை இப்படி ஆட்டாதீங்க, கையால கிளப்பைப் புரட்டி விடுங்க" என்றார். இரண்டு வாரம் பந்து நேராகப் போனது. மூன்றாவது வாரத்திலிருந்து ஒன்று இடது கோடி, ஒன்று வலது கோடி. எது எங்கே போகும் என்று அடிக்கும் வரை தெரியவில்லை.

இரண்டு பேரும் அனுபவசாலிகள், மரியாதைக்குரியவர்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எப்படிச் சரியாக இருக்க முடியும்? கை, உடம்பு, இதில் எது எதை இழுக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் நன்றியோடு இருப்பேன்.

லேத்துப்பட்டறை (கணபதி)

உங்கள் கேள்வி பத்து வருடமாக எனக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் பம்ப் தயாரிக்கும் தொழிலில் இருப்பவன், அதனால் கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

டிரைவரின் தலை ஏறத்தாழ 200 கிராம். நன்றாக அடிப்பவர் அதை மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவருவார். 200 கிராம் எடை அந்த வேகத்தில் வட்டமாகச் சுற்றும்போது வெளிப்பக்கம் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். கணக்குப் போட்டால் 30 கிலோவுக்கு மேல் இழுவை வருகிறது. அதைப் பிடித்திருப்பது விரல்கள்தான். ஆனால் அந்த இழுவைக்கு எதிராக நிற்பது பாதம், தொடை, இடுப்பு, முதுகு. முன்கைத் தசையை மட்டும் வைத்து இந்த வேலையைச் செய்ய முடியாது.

அடுத்தது நேரம். கிளப் மேலே போக ஏறத்தாழ முக்கால் வினாடி, கீழே வரக் கால் வினாடி. தேர்ந்த ஆட்டக்காரர்கள் பலரிடமும் இந்த மூன்றுக்கு ஒன்று என்ற அளவைப் பார்க்கலாம். கிளப்பின் முகம், அதாவது பந்தில் படும் தட்டைப் பக்கம், பந்தோடு ஒட்டியிருப்பது வினாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். மனிதன் ஒன்றை உணர்ந்து, முடிவெடுத்து, கையை அசைக்கவே கிட்டத்தட்ட கால் வினாடி ஆகிவிடும். அப்படியென்றால் கீழே வரும் வழியில் "இப்போது மணிக்கட்டைப் புரட்டு" என்று கைக்குக் கட்டளை கொடுத்தால், அந்தக் கட்டளை போய்ச் சேரும்போது பந்து கிளம்பியிருக்கும். உங்கள் இரண்டாவது பயிற்சியாளரின் வழி இரண்டு வாரம் வேலை செய்து மூன்றாவது வாரம் கைவிட்டதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நல்ல ஸ்விங்கை அளந்து பார்த்தால், கீழே வரும்போது முதலில் உச்ச வேகத்தைத் தொடுவது இடுப்பு. அது வேகம் குறையத் தொடங்கும்போது நெஞ்சு உச்சத்துக்கு வரும், அதற்கப்புறம் இடது கை, கடைசியாகத்தான் கிளப். பெரிய புல்லியிலிருந்து சின்னப் புல்லிக்கு பெல்ட் போட்டால் வேகம் எப்படிப் பெருகுமோ அதைப் போல என்று பட்டறைப் பையன்களிடம் சொல்வேன். முழுக்கப் பொருந்தாது, ஆனால் பிடிபடும். பந்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே கையின் வேகம் குறைந்துவிடுகிறது. கை மெதுவாகும்போதுதான் கிளப் பறக்கிறது. இதை முதலில் கேட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை.

1960-களில் பிரிட்டனில் ஒரு விஞ்ஞானிக் குழு ஸ்விங்கை இரண்டு தண்டு, நடுவில் ஒரு கீல் என்று எளிமையாக்கி ஆராய்ந்தது. தோளும் கையும் சேர்ந்து மேல் தண்டு, கிளப் கீழ்த் தண்டு, மணிக்கட்டு கீல். கீல் தன்போக்கில் விரிய வேண்டும். அதை முன்கூட்டியே வலிந்து விரித்தால் வேகம் பந்துக்கு முன்னாலேயே செலவாகிவிடும்.

ஆக என் பதில், உடம்புதான். கை ஒரு கீல்.

சூலூர்க்காரன்

லேத்துப்பட்டறை அண்ணா கணக்கு நன்றாகச் சொல்கிறார். ஆனால் முடிவை ஏற்க முடியவில்லை. கீல் என்று சொல்லிக் கையை ஓரமாக ஒதுக்கிவிட்டார்.

எங்கள் அப்பாரு சோளக்காட்டில் பரண் மேல் நின்று கிளி விரட்டக் கவண் வீசுவார். கல்லை வைத்து இரண்டு சுற்று, மூன்றாவதில் ஒரு நுனியை விடுவார். காட்டின் அடுத்த வரப்பில் எந்தக் கதிர் மேல் பறவை உட்கார்ந்திருக்கிறதோ அதற்கு ஒரு முழம் தள்ளிக் கல் விழும். கல் இப்போது எங்கே சுற்றுகிறது என்பதை அவர் கை உணர்ந்துகொண்டே இருக்கும். இடுப்பைப் பற்றி அவர் ஒருநாளும் நினைத்திருக்க மாட்டார். இடுப்பு அது பாட்டுக்குப் போயிற்று, ஏனென்றால் கைக்குத் தெரிந்தது.

இதே விஷயத்தைச் சொன்ன ஒரு பெரிய ஆசிரியர் இங்கிலாந்தில் இருந்தார், எர்னஸ்ட் ஜோன்ஸ். 1916-ல் முதல் உலகப் போரில் அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. உடம்பின் சுழற்சிதான் எல்லாம் என்றால் அவர் ஆட்டம் அன்றோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஒற்றைக்காலில் ஊன்றுகோலோடு மைதானத்துக்கு வந்தவர் பந்தை 83 தடவை அடித்து ஒரு முழுச் சுற்றை முடித்தார். பிற்பாடு அமெரிக்கா போய் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். கைக்குட்டையின் நுனியில் ஒரு பேனாக்கத்தியைக் கட்டிச் சுற்றிக் காட்டுவாராம். அப்பாருவின் கவண்தான் அது. கத்தி சீராகச் சுற்றும் வரை கைக்குட்டை விறைப்பாக நிற்கும், கை அவசரப்பட்டுத் தள்ளினால் தொய்ந்துவிடும்.

ஹென்றி காட்டன் இன்னொருவர். 1934, 1937, 1948 என மூன்று முறை பிரிட்டிஷ் ஓப்பன் வென்றவர். பழைய கார் டயரைத் தரையில் போட்டுக் கிளப்பால் அடிக்கச் சொல்லிக் கைக்குப் பழக்கம் கொடுத்தார். பந்தைத் தொடும் ஒரே பொருள் கிளப், கிளப்பைத் தொடும் ஒரே உறுப்பு கை. இதற்கு மேல் என்ன சொல்ல?

லேத்துப்பட்டறை (கணபதி)

சூலூர்த் தம்பி, கவண் உதாரணம் அருமை. ஒரு மாற்றுக் கருத்து மட்டும். அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகனைப் பாருங்கள். இளமையில் ஹூக், அதாவது பந்து இடது பக்கம் வளைவது, அவரைப் பாடாய்ப் படுத்தியது. சம்பாத்தியமே இல்லாமல் ஊர் திரும்பிய காலமும் உண்டு. பல வருட உழைப்புக்கு அப்புறம் அவர் உறுதியாகச் சொன்னது, கீழே வருவதை இடுப்புதான் தொடங்க வேண்டும் என்பது. 1949 பிப்ரவரியில் பேருந்து மோதி உடம்பு நொறுங்கி, நடப்பாரா என்றே சந்தேகமாக இருந்தவர் 1950-ல் யு.எஸ். ஓப்பன் வென்றார். அந்தக் காலை வைத்துக்கொண்டும் அவர் உடம்பைத்தான் நம்பினார்.

சூலூர்க்காரன்

அந்த ஹூக்கை ஹோகன் எப்படிக் குறைத்தார் அண்ணா? இடது கைப் பிடியைக் குறியின் பக்கம் திருப்பி, கட்டைவிரலை நீட்டாமல் குறுக்கிப் பிடித்தார். கையை மாற்றிய பிறகுதான் உடம்பை முழு வேகத்தில் திருப்ப முடிந்தது. அவரும் வலது கை சும்மா இருக்கட்டும் என்று சொன்னவர் இல்லை. இடுப்பு முன்னே போய்விட்டால் வலது கையால் எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம் என்பதுதான் அவர் கட்சி.

லேத்துப்பட்டறை (கணபதி)

இது நியாயமான கேள்வி. யோசிக்கிறேன்.

ஆழியாறு அம்மணி (பொள்ளாச்சி)

நான் ஆடத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. இங்கே டிரைவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கையும் உடம்பும் எப்படிச் சேர்கின்றன என்பதை முழு ஸ்விங்கில் உணரவே முடியாது, அவ்வளவு வேகம். கிரீனுக்கு (குழி இருக்கும் மழமழப்பான புல்தரை) வெளியே 20, 30 யார்டு சிப்பில், அதாவது சின்ன அடியில்தான் அது தெரியும்.

எனக்கு ரொம்ப நாள் சிப் வராது. ஒன்று பந்துக்குப் பின்னாலேயே தரையைக் கொத்துவேன், இல்லையென்றால் பந்தின் வயிற்றில் அடித்து அது கிரீனைத் தாண்டி ஓடும். கை நடுங்குகிறது, பயம் என்றுதான் நினைத்தேன். செல்போனில் வீடியோ எடுத்துப் பார்த்தேன். பந்தை நெருங்கும்போது என் நெஞ்சு அப்படியே நின்றுவிடுகிறது! நெஞ்சு நின்றதும் கை மட்டும் முன்னால் போகிறது, இடது மணிக்கட்டு மடங்கி, கிளப் தலை கையை முந்திக்கொண்டு மேலே வந்துவிடுகிறது. கை செய்த தப்பு என்று நான் திட்டிக்கொண்டிருந்ததற்கு, நெஞ்சு நின்றதுதான் ஆரம்பம்.

சட்டைப் பொத்தான் பந்தைத் தாண்டிக் குறிப் பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கட்டும் என்று ஒரே ஒரு நினைப்பை வைத்துக்கொண்டேன். மணிக்கட்டைப் பற்றி ஒன்றும் செய்யவில்லை. அது தானாகவே நேராக நின்றது. பனியன்நகர் அண்ணா, உங்கள் 7 அயர்ன் உயரமாக ஏறிச் சீக்கிரம் விழுவதும் இதே கோளாறாக இருக்கலாம். தலை கையை முந்தினால் கிளப்பின் சாய்வு கூடிவிடும். 7 அயர்னை எடுத்து, அதைவிடச் சாய்வு கூடிய 9 அயர்னை அடிப்பது போல.

பிடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் கை சிறியது. வலது சுண்டுவிரலையும் இடது சுட்டுவிரலையும் கோத்துப் பிடிக்கும் பிடிதான் எனக்கு ஒத்துவந்தது. அந்தச் சுண்டுவிரலை மேலே வைத்துப் பிடிக்கும் வார்டன் பிடிதான் சரியான பிடி என்று நிறையப் பேர் அறிவுரை சொன்னார்கள். ஹாரி வார்டன் ஆறு முறை பிரிட்டிஷ் ஓப்பன் வென்றவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் நிக்லஸும் டைகர் வுட்ஸும் கோத்துத்தான் பிடித்தார்கள். கைக்கு எது பொருந்துகிறதோ அதுதான்.

தூரம் குறைவாக இருக்கிறதே என்று கவலைப்படும் பெண்கள் நம் நாட்டு வீராங்கனை அதிதி அசோக்கைப் பாருங்கள். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தன்னைவிட எவ்வளவோ தூரம் அடிப்பவர்களுக்கு நடுவில் ஆடி நான்காவதாக வந்தார். ஒரே ஒரு அடியில் பதக்கம் போயிற்று. கிரீனைச் சுற்றி அவர் கையும் உடம்பும் சேர்ந்து நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஈரோடு பிசியோ

முதுகு வலி என்று எழுதியிருந்தீர்கள், அதனால் வந்தேன்.

கீழ் முதுகின் ஐந்து முள்ளெலும்புகளும் சேர்ந்தே ஒரு பக்கத்துக்கு 10 முதல் 15 பாகைதான் சுழலும். அவை குனிய, நிமிர ஏற்றவை, முறுக்குவதற்கு இல்லை. சுழற்சி வரவேண்டியது இடுப்பு மூட்டிலிருந்தும் நெஞ்சுக்கூட்டின் பின்னால் உள்ள முதுகிலிருந்தும். பேக்ஸ்விங்கின் (கிளப்பை மேலே கொண்டுபோவது) உச்சியில் இடுப்பு 45 பாகை, தோள் 90 பாகை என்று சொல்வார்கள். காலையிலிருந்து இரவு வரை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு இடுப்பு மூட்டும் மேல் முதுகும் இறுகியிருக்கும். அவரிடம் "இடுப்பைத் திருப்புங்கள்" என்றால், திருப்ப முடியாத மூட்டுக்குப் பதில் கீழ் முதுகு முறுக்கிக் கொடுக்கும். அதுதான் வலி.

ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கால்களை ஒட்டி வைத்து, கிளப்பை நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்துத் திரும்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் 45 பாகை வருகிறதா? வராவிட்டால் ரேஞ்சுக்குப் போவதற்கு முன் அதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. அதுவரை பேக்ஸ்விங்கில் இடது குதிகாலைக் கொஞ்சம் எழ விடுங்கள், நிற்கும்போது இடது பாதத்தை 20 பாகை வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள். இடுப்புக்கு இடம் கிடைக்கும்.

வலி காலுக்கு இறங்கினால், விரல் மரத்துப்போனால், பந்து அடிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இதில் மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

பனியன்நகர் 44

நாற்காலிச் சோதனை செய்தேன். இடது பக்கம் சுமாராக வருகிறது. வலது பக்கம் பாதிதான் வருகிறது. 18 வருடம் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்ததன் பலன் போல.

அம்மணி சொன்ன மாதிரி வீடியோவும் எடுத்தேன். நெஞ்சு நிற்கிறது. அப்படியே நிற்கிறது. ஆனால் ஒரு குழப்பம். நான் இடுப்பைத் திருப்பவேண்டும் என்றுதான் மூன்று மாதம் பாடுபட்டேன். அப்படியும் பந்து பக்கத்தில் வந்ததும் ஏன் உடம்பு நின்றுவிடுகிறது?

பழைய கேடி (செட்டிபாளையம்)

தம்பி, இருபத்திரண்டு வருடம் கேடியாக, ஆடுகிறவர்களின் கிளப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தவன் நான். எழுத்து சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியாகக் கேட்டீர்களே, உடம்பு ஏன் நிற்கிறது என்று, அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நாங்கள் நிற்கிற இடத்திலிருந்து ஆடுகிறவரின் முதுகு தெரியும், கை தெரியும், உச்சியில் கிளப்பின் முகம் தெரியும். பந்து எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் தேடி எடுக்க முடியும். அதனால் எங்கள் கண் உச்சியில் கிளப்பின் முகத்தைப் பார்க்கப் பழகிவிடும். முகம் இடது முன்கையோடு ஒரே சாய்வில் இருந்தால் சரி. வானத்தைப் பார்த்தால் மூடியிருக்கிறது. கிளப்பின் மூக்கு, அதாவது தலையின் நுனி, நேரே தரையைப் பார்த்துத் தொங்கினால் திறந்திருக்கிறது.

இத்தனை வருடத்தில் நான் கண்டது, பந்துக்கிட்டே வந்து உடம்பு நின்றுபோகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு உச்சியில் முகம் திறந்திருக்கும். திறந்த முகத்தோடு இடுப்பை நன்றாகத் திருப்பி அடித்தால் பந்து வலது பக்கக் காட்டுக்குள் போகும். நான்கு தடவை அப்படிப் போனால் உடம்பு கற்றுக்கொள்ளும். யாரும் சொல்லித்தர வேண்டாம். "நான் ஒரு கணம் நின்றுகொள்கிறேன், கை வந்து முகத்தை மூடட்டும்" என்று அதுவே ஒரு ஏற்பாடு செய்துகொள்ளும். கூடவே கிளப் வரும் பாதையையும் இடது பக்கம் இழுத்துவிடும். உங்கள் பந்து நேராகக் கிளம்பி அப்புறம் வளைவது அதனால்தான். பந்து கிளம்பும் திசை பெரும்பாலும் முகம் பார்க்கும் திசை. முகம் குறியைப் பார்க்கிறது, பாதை அதற்கு இடது பக்கம் போகிறது, அந்த வித்தியாசம்தான் வளைவு.

இப்போது உங்கள் இரண்டு ஆசிரியர்களையும் எடுத்துக்கொள்வோம். முதலாமவர் உடம்பைத் திருப்பச் சொன்னார். முகம் சரியாக இருப்பவருக்கு அது பொன்னான பேச்சு. உங்களுக்கு முகம் திறந்திருக்க, இடுப்பை இன்னும் வேகமாகச் சுற்றினீர்கள், தோளும் கூடவே சுற்றியது, ஸ்லைஸ் கூடியது. இரண்டாமவர் முகத்தை மூடச் சொன்னார். மூட வேண்டியதுதான். ஆனால் உடம்பை நிறுத்திவிட்டுக் கால் வினாடிக்குள் புரட்டச் சொன்னார், அது ஒரு நாள் வாய்க்கும், ஒரு நாள் வாய்க்காது. இரண்டு பேர் சொன்னதும் பொய்யில்லை. வரிசைதான் தப்பு.

என்னைக் கேட்டால் முதலில் பிடி. அதுவும் இடது கைப் பிடி. கிளப் உள்ளங்கைக்குள் புதைந்து கிடக்கக் கூடாது, விரல்களில் உட்கார வேண்டும். பிடித்துவிட்டு மேலிருந்து பார்த்தால் இரண்டு, இரண்டரை விரல் முட்டி தெரியவேண்டும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேரும் கோடு வலது தோளைக் காட்டவேண்டும். உங்களுக்கு ஒரு முட்டிதான் தெரியும் என்று பார்க்காமலே சொல்வேன்.

பிடியை மாற்றியதும் பந்து இடது பக்கம் போகும். அங்கேதான் எல்லோரும் பயந்து பழைய பிடிக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும், விடுங்கள். பந்து இடது பக்கம் போவதைக் கண்டால் உடம்புக்கு நிற்க வேண்டிய காரணம் போய்விடும். திரும்பினால்தான் பந்து நேராகும் என்று அதற்கே தெரியவரும். நீங்கள் மூன்று மாதம் கட்டளை போட்டும் வராத இடுப்பு அப்போது தானாக வரும். உடம்புக்கு அறிவு உண்டு தம்பி. அதற்குச் சரியான முகத்தைக் கொடுத்தால் போதும்.

டிரைவரை ஒரு மாதம் வீட்டில் வைத்துவிடுங்கள். 7 அயர்ன் மட்டும். இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்து நின்று, கை இடுப்பளவு போய் மறுபக்கம் இடுப்பளவு வரட்டும். பாதம் ஒட்டியிருக்கும்போது கை தனியாக அவசரப்பட்டால் தடுமாறி விழுவீர்கள், உடம்பு தனியாக ஓடினாலும் விழுவீர்கள். இரண்டும் சேர்ந்து போனால்தான் நிற்க முடியும். நாளுக்கு முப்பது பந்து போதும். ஒவ்வொன்றிலும் முடிவில் மூன்று எண்ணும் வரை அப்படியே நில்லுங்கள். பெல்ட் பக்கிள் குறியைப் பார்க்கிறதா என்று பாருங்கள்.

டெல்லியில் அலி ஷேர் என்று ஒருவர், எங்களைப் போல் பை தூக்கியவர். 1991-லும் 1993-லும் இந்தியன் ஓப்பன் வென்றார். அவர் முதல் தடவை வென்ற செய்தி வந்த காலத்தில் கேடிகள் எல்லோரும் அவர் பேரைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். பின்னால் நின்று பார்ப்பதே ஒரு படிப்பு என்று அன்றைக்கு நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன்.

லேத்துப்பட்டறை (கணபதி)

ஐயா, வணக்கம். சூலூர்த் தம்பி கேட்டதற்கு நான் தேடிக்கொண்டிருந்த பதில் இதுதான். ஹோகனும் முதலில் பிடியை மாற்றினார், அப்புறம் உடம்பை விட்டார். நான் இரண்டாம் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு பேசினேன். வேகத்துக்கு உடம்பு, முகத்துக்குக் கை என்று இரண்டு பெட்டியாகப் பிரித்துவிட்டேன். முகம் தப்பாக இருந்தால் உடம்பு வேகத்தையே கொடுக்காது என்பது என் கணக்கில் வரவில்லை.

முகம் ஒரு பாகை மாறினால் 200 மீட்டரில் மூன்றரை மீட்டர் விலகல். இதை உடம்பு அடிக்க அடிக்கக் கற்றுக்கொள்கிறது என்றால் ஆச்சரியம் இல்லை.

சூலூர்க்காரன்

நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பாரு கவண் வீசும்போது பரண் மேல் கால் மாற்றுவார். கல் சுற்றும்போது எடை பின்னங்காலில் இருக்கும், விடும்போது முன்னங்காலுக்கு வந்துவிடும். நேற்று அம்மாவிடம் கேட்டேன், "பரண் கிறீச்சுனு சத்தம் போட்டப்புறம்தான் கல்லு போகும்" என்றார். சத்தம் முதலில், கல் பிறகு. கால் முதலில், கை பிறகு. எனக்கு இதுவரை தோன்றவில்லை.

சிலம்பம் அவிநாசி

கோல்ஃப் நான் பார்வையாளன்தான். தம்பி மகன் ஆடுகிறான் என்பதால் இந்த இழையைப் படித்தேன். சிலம்பத்தில் கம்பைக் கையில் கொடுப்பதற்கு முன் காலடி வரிசைதான் சொல்லித்தருவோம். ஆனால் பெரியவர் சொன்ன மாதிரி பிடியில் பிசகு இருந்தால் காலடியும் கெடும். கம்பு தன் மேலேயே பட்டுவிடுமோ என்ற பயத்தில் பிள்ளைகள் கால் வைக்கத் தயங்குவார்கள். பிடியைச் சரிசெய்தால் கால் தைரியமாகப் போகும்.

பிடி இறுக்கம் பற்றி யாரும் சொல்லவில்லை. இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், அது முழங்கைக்கு ஏறும், தோளுக்கு ஏறும். தோள் இறுகினால் இடுப்பு எப்படித் திரும்பும்? கம்பைக் கோழிக்குஞ்சு மாதிரி பிடி என்பார் எங்கள் வாத்தியார். நசுங்கவும் கூடாது, நழுவவும் கூடாது.

பனியன்நகர் 44

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும், ஆர்டர் நெருக்கடி.

ஐயா சொன்னது உண்மை, ஒரே ஒரு முட்டிதான் தெரிந்தது. பிடியை மாற்றிய முதல் வாரம் முப்பது பந்தில் இருபது இடது பக்கம் போனது. பழைய பிடிக்குப் போய்விடலாம் என்று இரண்டு முறை கை தானாக நகர்ந்தது. எழுதி வைத்திருந்ததைப் படித்துவிட்டு அப்படியே தொடர்ந்தேன். பாதத்தை ஒட்டி வைத்து அடிப்பது முதல் நாள் பயங்கரமாக இருந்தது, பந்தே படவில்லை. பத்தாவது நாள் ஒரு பந்து பட்டது, கையில் ஒன்றுமே தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் பெல்ட் பக்கிள் குறியைப் பார்த்து நிற்கிறது. நான் திருப்பவில்லை. அது வந்திருந்தது. அந்த நிமிடத்தை மறக்க மாட்டேன்.

அப்புறம் கம்பெனியில் ஒன்றைக் கவனித்தேன். இஸ்திரி மேசையில் இருக்கும் அண்ணன் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறார். பெட்டியைக் கையால் தள்ளுவதில்லை. பின்னங்காலிலிருந்து முன்னங்காலுக்கு எடை போகிறது, நெஞ்சு திரும்புகிறது, பெட்டி போகிறது. கை, பெட்டி சாயாமல் பார்த்துக்கொள்கிறது. அவ்வளவுதான். இத்தனை வருடம் அவர் பக்கத்தில் நடந்து போயிருக்கிறேன்.

7 அயர்ன் இப்போது தாழ்வாகப் போய் 135 யார்டு வருகிறது. முதுகு வலி இல்லை, நாற்காலிப் பயிற்சியைத் தினமும் செய்கிறேன், வலது பக்கம் இன்னும் முழுசாக வரவில்லை. போன ஞாயிறு டிரைவரை எடுத்தேன். ஆடிக் காற்று எப்படி அடிக்கிறது என்று உங்களுக்கே தெரியும், பாலக்காட்டுக் கணவாயிலிருந்து நேராக முகத்தில். எதிர்க்காற்றில் வளைவு இன்னும் பெரிதாகும் என்பதால் முன்பெல்லாம் இந்த மாதத்தில் டிரைவரைத் தொடவே மாட்டேன். முதல் பத்தும் நன்றாக இருந்தன. கடைசி இருபதில் மூன்று பழைய ஸ்லைஸ் வந்துவிட்டது. களைப்பு என்று நினைக்கிறேன்.

பழைய கேடி (செட்டிபாளையம்)

சந்தோஷம் தம்பி. காற்று எதிரே இருந்தால் பந்தைக் கடுமையாக அடிக்கத் தோன்றும், அப்போது பிடி இறுகும். அவிநாசிக்காரர் சொன்ன கோழிக்குஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று ஸ்லைஸிலும் முடிவில் பெல்ட் பக்கிள் எங்கே இருந்தது?

பனியன்நகர் 44

பந்து எங்கே போகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன் ஐயா, பக்கிளைக் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.